எலாவும் லூயியும் ஒரே அறையில்: ஜாஸுக்குப் புதியவர்கள் ஓர் ஆல்பத்தை நல்ல ஒலியில் கேட்பது எப்படி?

"நல்ல ஹெட்போன் வாங்கிவிட்டேன், ஜாஸ் கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன், எதிலிருந்து ஆரம்பிப்பது?" என்று யாராவது கேட்டால் நான் யோசிப்பதே இல்லை. 1956இல் வெர்வ் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட 'எலா அண்ட் லூயி'. பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும், பாடகரும் டிரம்பெட் வாசிப்பவருமான லூயி ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து பாடிய பதினொரு பாட்டு. (பாடகியின் பெயரைத் தமிழில் 'எல்லா' என்றே எழுதிக்கொண்டு போனால் 'எல்லா குரலும் நன்றாக இருக்கிறது' என்பதற்கு இரண்டு அர்த்தம் வந்துவிடும். அதனால் இனி எலா.)

ஏன் இந்த ஆல்பம்? பாட்டுகள் நிதானமானவை, சொற்கள் தெளிவாகக் காதில் விழும். இரண்டு குரல், ஒரு டிரம்பெட், நான்கு பக்கவாத்தியம், அவ்வளவுதான். பெரிய ஆர்கெஸ்ட்ரா கிடையாது. எது எங்கே ஒலிக்கிறது என்று புதியவர் காதும் பிரித்துப் பார்க்கலாம். இன்னொன்று, இது மோனோ பதிவு, அதாவது இடதிலும் வலதிலும் ஒரே ஒலிதான்; ஸ்டீரியோவில்தான் இரண்டும் வேறு வேறு. நல்ல ஒலி என்றால் இடதும் வலதும் பாய்ந்து ஓடுவது என்ற எண்ணத்தை இது முதல் நாளே மாற்றிவிடும்.

படி 1: அறையில் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நாள் 1956 ஆகஸ்ட் 16. இடம் ஹாலிவுட், அந்த ஆண்டுதான் திறக்கப்பட்ட, கேபிடல் இசைத்தட்டு நிறுவனக் கோபுரத்தின் ஒலிப்பதிவுக்கூடம். முந்தின நாள் இரவு இருவரும் ஹாலிவுட் பவுல் திறந்தவெளி அரங்கில் கச்சேரி செய்திருந்தார்கள். மறுநாளே வந்து பதிவில் உட்கார்ந்துவிட்டார்கள். எலாவுக்கு அப்போது வயது 39, லூயிக்கு 55. தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ். 1940களில் இந்த இருவரும் டெக்கா நிறுவனத்துக்காகச் சில பாட்டுகளைச் சேர்ந்து பாடியிருக்கிறார்கள், ஆனால் முழு ஆல்பமாகச் செய்தது இதுதான் முதல் முறை.

பியானோவில் ஆஸ்கர் பீட்டர்சன், கிட்டாரில் ஹெர்ப் எல்லிஸ், பேஸில் ரே பிரவுன். இந்த மூவரும் அந்தக் காலத்தில் டிரம்ஸ் இல்லாத மூவர் குழுவாகவே வாசித்துவந்தவர்கள். இந்தப் பதிவுக்காக டிரம்ஸில் பட்டி ரிச் வந்து சேர்ந்தார். பேஸ் என்றதும் மின்சார கிட்டாரை நினைக்காதீர்கள். ஆள் உயரத்துக்கு நிற்கும் மர வாத்தியம், விரலால் மீட்டுவது. ரே பிரவுன் எலாவின் முன்னாள் கணவர். 1953இல் பிரிந்துவிட்டார்கள், ஆனால் மேடையிலும் பதிவிலும் பிரியவில்லை.

பீட்டர்சனும் ரிச்சும் வேகத்துக்கும் ஆர்ப்பாட்டத்துக்கும் பேர்போனவர்கள். இங்கே இருவரும் கையைக் கட்டிக்கொண்டு வாசிக்கிறார்கள். முதல் முறை கேட்டபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு அந்த அடக்கமே தனி ருசியாகிவிட்டது.

படி 2: சரியான பதிப்பைத் தேடுங்கள்

பணமும் நேரமும் வீணாகும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

ஐரோப்பாவில் 1963க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளுக்கு உரிமைக் காலம் முடிந்துவிட்டது. இந்தியச் சட்டத்திலும் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுதான். (பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர் உரிமை வேறு கணக்கு.) விளைவு, இந்த ஆல்பத்தை யார் வேண்டுமானாலும் குறுந்தட்டாக (சிடி) போடுகிறார்கள், இணையச் சேவைகளில் ஏற்றுகிறார்கள். மூல டேப்பிலிருந்து எடுத்ததும் உண்டு, யாரோ வைத்திருந்த தேய்ந்த இசைத்தட்டிலிருந்து எடுத்ததும் உண்டு. நான் முதலில் வாங்கியது அப்படி ஒரு மலிவுக் குறுந்தட்டு. இருபதுக்கு மேல் பாட்டு, பளபளப்பான அட்டை. போட்டால் லூயி கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுவதுபோல் இருந்தது. அவர் குரலே அப்படித்தான் போலிருக்கிறது என்று ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆகவே முதல் சோதனை, வெர்வ் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பதினொரு பாட்டுதானா என்று எண்ணுங்கள். அட்டையில் ஃபில் ஸ்டெர்ன் எடுத்த புகைப்படம் இருக்க வேண்டும்: இருவரும் சாதாரண உடையில் மடக்கு நாற்காலிகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், எலாவின் காலுறை கணுக்கால்வரை சுருண்டிருக்கும். வேறு படம், இருபத்தைந்து பாட்டு, 'சிறப்புத் தொகுப்பு' என்றால் தள்ளிவையுங்கள்.

இரண்டாவது சோதனை ஸ்டீரியோ. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளுக்குப் பரவலாக வந்ததே 1958இல். இந்த ஆல்பத்தின் மேல் ஸ்டீரியோ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் பிற்பாடு செய்த ஜோடனை. 1960களில் பழைய மோனோ பதிவுகளை எடுத்து, கனமான ஒலிகளை ஒரு பக்கமும் கூர்மையானதை மறு பக்கமும் தள்ளி, எதிரொலி சேர்த்து விற்றார்கள். கேட்டால் பாடகருக்கு உடம்பு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம்.

மூன்றாவது சோதனையைக் காதால்தான் செய்ய வேண்டும். பழைய டேப்பில் 'ஸ்ஸ்' என்று மெல்லிய இரைச்சல் இருக்கும். அது குறை இல்லை. பட்டி ரிச் இந்தப் பாட்டுகளில் கம்பிப் பிரஷ்ஷால் டிரம் தோலைத் தேய்க்கிறார். அந்தத் தேய்ப்பும் டேப் இரைச்சலும் கிட்டத்தட்ட ஒரே உயரத்து ஒலிகள். ஒன்றை வழித்துப் போட்டால் மற்றதும் கூடவே போய்விடும். எனவே பாட்டு தொடங்கும் முன் துளி இரைச்சலும் இல்லை, பிரஷ் சத்தம் தூரத்துத் துடைப்பம்போல் மங்கியிருக்கிறது என்றால், யாரோ கைவரிசை காட்டியிருக்கிறார்கள். இரைச்சல் இருக்கும் பதிப்பே மேல்.

இனி எண்கள். குறுந்தட்டு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். பிட் என்பது ஒலியின் ஒவ்வோர் அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறோம் என்பது; கிலோஹெர்ட்ஸ் இங்கே நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கிறோம் என்பது, அதில் பாதி உயரம் வரையிலான ஒலி பதியும். உயர்தரக் கோப்பு என்று விற்பவை 24 பிட், 96 அல்லது 192 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காது கேட்பது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, அதைக் குறுந்தட்டே தாங்கிவிடுகிறது. சத்த வேறுபாட்டில் 16 பிட் கொடுப்பது சுமார் 96 டெசிபல், 1956ஆம் வருட டேப்பின் இரைச்சலோ அதற்கு வெகு முன்பே வந்துவிடும். ஆக, ஒழுங்காக எடுத்த குறுந்தட்டுத் தரப் பதிப்பு, மோசமாக எடுத்த 192 கிலோஹெர்ட்ஸ் பதிப்பைத் தோற்கடிக்கும். 24 பிட் பதிப்புகள் பல நன்றாக இருப்பதற்குக் காரணம், அவற்றைச் செய்தவர்கள் நல்ல டேப்பைத் தேடிப் பிடித்துப் பொறுமையாக மாஸ்டரிங் (வெளியீட்டுக்கான கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்திருப்பார்கள் என்பதுதான். பிட் எண்ணிக்கைக்கு அதில் பெரிய பங்கில்லை என்பது என் கணிப்பு. இதைச் சொன்னால் சண்டைக்கு வருபவர்கள் உண்டு, வரட்டும்.

எம்பி3 ஒலியில் கொஞ்சத்தை வெட்டிவிட்டுச் சுருக்குவது, அது வேண்டாம். ஃப்ளாக் அல்லது அதற்கு இணையான, எதையும் வெட்டாத இழப்பில்லாக் கோப்பு எடுங்கள். ஆப்பிள் மியூசிக்கில் இழப்பில்லா ஒலிக்குத் தனிக் கட்டணம் கிடையாது, ஆனால் செட்டிங்ஸில் போய் நீங்கள்தான் அதை இயக்க வேண்டும். இன்னொரு விஷயம்: ஃப்ளாக் கோப்பின் அளவு எதிர்பார்த்ததில் பாதிதான் இருக்கிறது என்று பயப்படாதீர்கள். மோனோவில் இடதும் வலதும் ஒன்றே என்பதால் ஃப்ளாக் அதை ஒரு முறைதான் எழுதிவைக்கும். கோப்பின்மேல் சந்தேகம் இருந்தால் எந்த உயரம் வரை ஒலி இருக்கிறது என்று படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள். படம் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றால், அது எம்பி3யிலிருந்து ஊதிப் பெருக்கிய கோப்பாகத்தான் இருக்கும்.

இசைத்தட்டுப் பிரியர்களுக்கு ஒரு வரி. 54 நிமிட இசையை ஒரே தட்டில் திணித்தார்கள், அதனால் நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில், இடம் தாராளமாக விட்டு இரண்டு தட்டாக வந்த மறுபதிப்புக்குச் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் ஜாஸ் பிடிக்குமா என்றே தெரியாத நிலையில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

படி 3: கருவிகள், இருப்பதை வைத்தே

புளூடூத்தை ஒதுக்கிவையுங்கள். இழப்பில்லாக் கோப்பைத் தேடிப் பிடித்துவிட்டுப் புளூடூத் வழியாக அனுப்பினால் வழியில் மறுபடி சுருக்கிவிடும். கம்பி வைத்த ஹெட்போன் போதும். போனில் துளை இல்லையென்றால் விரல் நீளத்தில் ஒரு டாக் வாங்கிச் செருகலாம். எண்ணை ஒலியாக மாற்றும் சின்னக் கருவி அது, ஆரம்பத்துக்கு மலிவானதே போதும்.

பிறகு போனில் இருக்கும் அலங்காரங்களை எல்லாம் அணையுங்கள். ஈக்வலைசர், 'பேஸ் பூஸ்ட்', சுற்றொலி, டால்பி, எல்லாம். அடுத்து அணுகல்தன்மை அமைப்புகளில் 'மோனோ ஒலி' என்று ஒரு பொத்தான் இருக்கும், ஐபோனிலும் உண்டு, ஆண்ட்ராய்டிலும் உண்டு. அதை இயக்குங்கள். டேப்பிலிருந்து எடுக்கும்போது இடது வலதுக்குள் நுழைந்த சிறு வேறுபாடுகள் அடங்கி, குரல் இன்னும் உறுதியாக நடுவில் வந்து நிற்கும்.

ஸ்பீக்கர் இருந்தால் இந்த ஆல்பத்துக்கு அதுதான் முதல் தேர்வு. ஹெட்போனில் மோனோ தலைக்குள் நடு உச்சியில் உட்கார்ந்துகொள்ளும், ஸ்பீக்கரில் எதிரே நிற்கும். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் மூன்று பக்கமும் சமமான முக்கோணமாக அமையுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒன்றுமில்லாத இடத்திலிருந்து குரல் வர வேண்டும். அப்படி வராமல் அறையெங்கும் பரவி, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல், பேஸும் மெலிந்து கேட்டால், ஒரு ஸ்பீக்கரின் சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் இடம் மாறியிருக்கும். மாற்றிச் செருகுங்கள். பல வீடுகளில் இந்தத் தப்பு வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் இருக்கிறது. மோனோ ஆல்பம்தான் காட்டிக்கொடுக்கும்.

படி 4: மின்விசிறி

நிறுத்துங்கள். ஆமாம், மே மாதமாக இருந்தாலும். பிரஷ் சத்தமும் எலா மூச்சு வாங்குவதும் விசிறிக் காற்றில் கரைந்துவிடும். இரவு பத்து மணிக்கு மேல் கேட்டால் வியர்வையும் குறையும், தெருவும் அடங்கும். டைல்ஸ் போட்ட வெறும் அறை எதிரொலிக்கும், உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே கனமான ஜமக்காளம் ஒன்றை விரித்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கில் செலவு, ஆயிரக்கணக்கில் பலன்.

சத்தத்தை எதிரே உட்கார்ந்து ஒருவர் பாடும் அளவுக்கு வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு, 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான். இந்த இசைக்கு அந்த அளவே தேவைப்படாது.

படி 5: எப்படிக் கேட்பது

முதல் முறை ஒன்றும் செய்யாதீர்கள். படிக்காதீர்கள், குறிப்பு எடுக்காதீர்கள். இரண்டு மூன்று பாட்டுக்கு மேல் வேண்டாம். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால் அது இயல்பு, வேகங்கள் உண்மையாகவே ஒன்றுக்கொன்று நெருக்கமானவை.

மறுநாள் 'சீக் டு சீக்' மட்டும். இர்விங் பெர்லின் 1935இல் ஒரு படத்துக்காக எழுதிய பாட்டு. அக்காலப் பாட்டுகள் பொதுவாக 32 பாரில் (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று, நம் ஆவர்த்தனம் மாதிரி) முடியும், இது 72 பார் ஓடும். முதலில் லூயி பாடுவார், பிறகு எலாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாட்டைக் கைமாற்றுவார். அந்தக் கணத்துக்காகக் காத்திருங்கள். அதே மெட்டு, அதே சொற்கள், ஆனால் ஆள் மாறியதும் பாட்டே வேறாகிவிடும். எலா ஸ்வரத்தின் நட்ட நடுவில் போய் நிற்பவர், ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்துத் தருபவர். லூயி சொல்லைக் கடித்துத் துப்புவார், தாளத்துக்கு ஒரு இமைப்பொழுது பின்தங்கி வந்து, கடைசி நொடியில் சரியாகப் போய்ச் சேர்ந்துகொள்வார். நிரவல் கேட்டுப் பழகிய காதுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒரே வரியைச் சொல் மாறாமல் வேறு வேறு இடத்தில் அழுத்தி, நீட்டி, நிரப்புவதுதானே நிரவல்? லூயி செய்வதும் ஏறக்குறைய அதுவே, ராகத்துக்குப் பதில் தாளத்தை வைத்து விளையாடுகிறார்.

அடுத்து அதே பாட்டைத் திரும்பப் போட்டு, குரல்களை மறந்துவிட்டு ரே பிரவுனை மட்டும் பின்தொடருங்கள். பேஸ் ஒரு பாருக்கு நாலு அடி வைத்து நடப்பதை வாக்கிங் பேஸ் என்பார்கள். பெயருக்கேற்ப மாடிப்படி ஏறி இறங்குவதுபோலவே இருக்கும். கருவி சரியாக இருந்தால் விரல் நரம்பை விடும் 'டக்'கும், அதற்குப் பிறகு மரப்பெட்டி முனகுவதும் தனித்தனியாகக் கேட்கும். வெறும் 'தும் தும்' மட்டும் கேட்டால் பேஸ் பூஸ்ட்டை அணைக்க மறந்திருப்பீர்கள்.

'ஸ்டார்ஸ் ஃபெல் ஆன் அலபாமா' பாட்டின் அமைப்பைக் கற்றுக்கொள்ள நல்லது. எட்டு எட்டு பாராக நான்கு பகுதி. முதல் பகுதியின் மெட்டே இரண்டாவதிலும் வரும், மூன்றாவதில் வேறு மெட்டு, நான்காவதில் மறுபடி முதல் மெட்டு. மூன்றாவதைப் பிரிட்ஜ் என்பார்கள். விரல் விட்டு எண்ணுங்கள், பிரிட்ஜ் வரும்போது கண்டுபிடித்துவிட்டால் பாதி ஜாஸ் கைவசம். 1833இல் அலபாமா வானத்தில் விண்கற்கள் மழையாகக் கொட்டியதுதான் அந்தத் தலைப்புக்குப் பின்னால் இருக்கும் சங்கதி.

'மூன்லைட் இன் வெர்மான்ட்' எண்ணிக்கையைக் குழப்பும், அதனால் அதைக் கடைசியில் வையுங்கள். அதில் முதல் பகுதி எட்டு பார் இல்லை, ஆறு. சொற்களில் எதுகையும் இயைபும் ஒன்றும் கிடையாது. பத்திகள் ஐந்து, ஏழு, ஐந்து அசைகள் என ஹைக்கூ மாதிரி அமைந்திருக்கும். எதுகை இல்லாத பாட்டை எலா எப்படி ஒரே இழையாகக் கொண்டுபோகிறார் என்று பாருங்கள்.

'டெண்டர்லி'யில் லூயியின் டிரம்பெட். அவர் பாடுவதும் ஊதுவதும் ஒரே ஆள்தான் என்று குருட்டுக் கேட்பிலேயே சொல்லிவிடலாம், இரண்டிலும் அதே இழுப்பு, அதே நடுக்கம். நல்ல பதிப்பில் டிரம்பெட் பளிச்சென்று வரும், ஆனால் காதைக் குத்தாது. குத்தினால் பதிப்பையோ ஹெட்போனையோ சந்தேகப்படுங்கள்.

இந்த ஆல்பத்தில் எலா தன் குரலின் வசதியைப் பார்க்காமல் லூயியின் சுருதிக்கே பாடினார் என்று கிரான்ஸ் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஒரு வாரம் கழித்து, இதை மனதில் வைத்து எலாவை மட்டும் கேளுங்கள். பாட்டில் எங்கெல்லாம் பெரியவருக்கு வழிவிட்டு ஒதுங்குகிறார் என்பது தெரிய ஆரம்பிக்கும்.

ஆழம் என்று ஒன்று இருக்கிறது, அதையும் தேடுங்கள். மோனோவில் இடம் வலம் கிடையாது, ஆனால் முன்னும் பின்னும் உண்டு. குரல் எதிரில், பியானோ அதற்குப் பின்னால், கிட்டார் இன்னும் ஓரடி தள்ளி. மூன்றாவது நான்காவது முறை, இருட்டில் கேட்கும்போதுதான் எனக்கு இது பிடிபட்டது. அட்டைப் படத்தில் இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்திருப்பதுபோல், ஒலியிலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறார்கள்.

படி 6: இரண்டு பதிப்புகளை ஒப்பிடுவதென்றால்

இது விருப்பமிருந்தால் மட்டும். சத்தம் கூடுதலாக உள்ள பதிப்பு எப்போதும் நல்லதாகத் தோன்றும், நம் காதின் பலவீனம் அது. முதலில் இரண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு முழுப் பாட்டாகக் கேட்காமல் ஒரே இருபது நொடியை மாற்றி மாற்றிப் போடுங்கள். பொத்தானை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்து, எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றச் சொல்லுங்கள். என் மனைவி இப்படி மாற்றிப் போட்டபோது, நான் விலை அதிகம் கொடுத்து வாங்கிய கோப்பைப் பத்துக்கு ஐந்து முறைதான் சரியாகச் சொன்னேன். நாணயத்தைச் சுண்டினாலும் அவ்வளவு கிடைத்திருக்கும். ஆனால் அந்தக் கம்பளிக் குறுந்தட்டை அவள் நடுவில் நுழைத்தபோது பத்துக்குப் பத்து.

அடுத்து எங்கே போவது என்றால், 1957இல் வந்த 'எலா அண்ட் லூயி அகெய்ன்'. அதில் டிரம்ஸ் லூயி பெல்சன், பட்டி ரிச் இல்லை. பிரஷ் சத்தத்தில் ஆள் மாறியது தெரிகிறதா என்று பாருங்கள். அதற்கும் பிறகு, இதே இருவரும் பாடி, ரஸல் கார்சியா ஆர்கெஸ்ட்ரா அமைத்த 'போர்கி அண்ட் பெஸ்'. அது ஸ்டீரியோ, போடும் முன் போனில் அந்த மோனோ பொத்தானை அணைத்துவிடுங்கள்.